3389-ஐத் திறந்தே வைப்பதா, மூடிவிட்டு வேறு வழி பார்ப்பதா?

தை மாதக் கடைசி. நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடி போகும் வழியில் ஓர் அரிசி ஆலை. சம்பா நெல் வந்து இறங்கிக்கொண்டிருந்த நேரம். எடை மேடைக்கு முன்னால் லாரிகள் வரிசை கட்டி நின்றன. முதலாளி குடியிருப்பது கும்பகோணத்தில். என்னை அழைத்து அவர் சொன்னது இவ்வளவுதான்:

"தம்பி, எடைச் சீட்டும் டேலி கணக்கும் நான் வீட்ல இருந்தே பாக்குறேன். ஆடிட்டர் சாரும் அவரு ஆபீஸ்ல இருந்து பாக்குறாரு. முன்ன வந்த பையன் ஏதோ போர்ட்டைத் திறந்து வுட்டுட்டுப் போனான், நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப பதினஞ்சு நாளா கம்ப்யூட்டர் இழுத்துக்கிட்டு நிக்குது. என்னான்னு பாருங்க."

அந்தப் பையன் திறந்தது 3389. வேறு இடத்தில் உட்கார்ந்தபடியே விண்டோஸ் கம்ப்யூட்டரை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப் வசதியின் வாசல் எண் அது. கணக்குக் கம்ப்யூட்டரில், விண்டோஸ் நடந்ததையெல்லாம் எழுதி வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, செக்யூரிட்டி பதிவுகளில் 4625 என்ற எண்ணை மட்டும் வடிகட்டினேன். பாஸ்வேர்ட் தவறாக அடித்து உள்ளே வர முடியாமல் போன ஒவ்வொரு முயற்சியையும் விண்டோஸ் அந்த எண்ணில்தான் குறித்து வைக்கும். திரை நிரம்பியது. உருட்ட உருட்ட முடியவில்லை. அட்மினிஸ்ட்ரேட்டர், அட்மின், யூசர், டெஸ்ட், அக்கவுண்ட்ஸ் என்று பெயரை மாற்றி மாற்றி, இராப்பகலாக யாரோ கதவைத் தள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இத்தனை பேருக்கும் நம்ம மில்லு எப்படித் தெரியும்?"

தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. 2013-இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸீமேப் என்றொரு கருவியை வெளியிட்டார்கள். நல்ல இணைய இணைப்பு உள்ள ஒரே ஒரு கம்ப்யூட்டரை வைத்து, உலகத்தில் இருக்கும் பழைய வகை (ஐபிவி4) ஐபி முகவரிகள், அதாவது இணைய விலாசங்கள், அத்தனையிலும் ஒரு குறிப்பிட்ட போர்ட் திறந்திருக்கிறதா என்று 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிட முடியும் என்று காட்டினார்கள். ஷோடான் என்ற தேடுதளம் 2009 முதலே இப்படித் திறந்து கிடக்கும் கருவிகளைத் தேடி எடுத்துப் பட்டியல் போட்டு வைக்கிறது. சின்ன ஊர், சின்ன மில்லு, நம்மை யார் தேடி வரப்போகிறார்கள் என்ற நினைப்புக்கு இங்கே இடமே இல்லை. யாரும் நம்மைத் தேடுவதில்லை. எல்லா வாசலையும் தட்டுகிறார்கள், அதில் நம் வாசலும் ஒன்று.

இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஓர் உரக்கடைக்கு இதே 3389-ஐ நானே திறந்து கொடுத்தேன். கடைப் பெயரோடு மூன்று எண் சேர்த்த பாஸ்வேர்ட். ஒரு திங்கட்கிழமை காலை கடை திறந்தபோது கோப்பு எதுவும் திறக்கவில்லை, எல்லாவற்றின் பெயருக்குப் பின்னாலும் ஒரு வால் முளைத்திருந்தது; திரையில் பணம் கேட்டு ஒரு கடிதம். பேக்கப் எடுக்கும் பென்டிரைவ் கம்ப்யூட்டரிலேயே செருகியபடி இருந்ததால் அதுவும் போயிற்று. இரண்டு வருடக் கணக்கை பில் புத்தகத்திலிருந்தும் ஜிஎஸ்டி தாக்கல்களிலிருந்தும் மீண்டும் ஏற்றினோம். கடைக்காரரின் மகள் காலேஜ் விடுமுறை முழுவதையும் அதற்கே கொடுத்தாள். அன்றிலிருந்து போர்ட் திறக்கச் சொல்லி யார் கேட்டாலும், முதலில் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் வேலையைத் தொடுகிறேன்.

முதலில் சோதனை

ஒரு கம்ப்யூட்டரின் ஒரே ஐபி முகவரிக்குள்ளும் 0 முதல் 65535 வரை போர்ட்டுகள் உண்டு. எந்த நிரல் எந்தப் போர்ட்டில் காது வைத்துக் காத்திருக்கிறதோ, அந்தப் போர்ட்தான் திறந்தது. ரிமோட் டெஸ்க்டாப்புக்கு 3389, கோப்புப் பகிர்வுக்கு 445, கட்டளை அடித்துத் தூரத்துக் கம்ப்யூட்டரை இயக்கும் எஸ்எஸ்எச்சுக்கு 22, டேலி மற்ற நிரல்களோடு பேச வழக்கமாக வைத்துக்கொள்வது 9000. திறந்திருப்பது குற்றம் இல்லை. ஆலைக்குள் இருக்கும் பிரிண்டரும் எடை மேடையும் பேசிக்கொள்ள ஏதோ ஒரு போர்ட் திறந்துதான் ஆக வேண்டும். யாருக்குத் திறந்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

அதற்கு மூன்று இடத்தில் நின்று பார்க்க வேண்டும். கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு தடவை, அதே வைஃபையில் இருக்கும் இன்னொரு கருவியிலிருந்து ஒரு தடவை, முழுக்க வெளியிலிருந்து ஒரு தடவை. பெரும்பாலானவர்கள் முதல் இரண்டோடு நின்றுவிடுகிறார்கள். தப்பு அங்கேதான் நடக்கிறது.

உள்ளே பார்ப்பது சுலபம். கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து நெட்ஸ்டாட் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு, சிறு கோடு போட்டு ஏ, என், ஓ என்ற மூன்று எழுத்துகளைச் சேர்த்து என்டர் தட்டினால் பட்டியல் வரும். அதில் லிசனிங் என்று முடியும் வரிகள் மட்டும் நமக்கு வேண்டும். முகவரிப் பகுதியில் 127.0.0.1 என்று தொடங்கினால் அந்த நிரல் தன் கம்ப்யூட்டரோடு மட்டும் பேசுகிறது, கவலை இல்லை. 0.0.0.0 என்று தொடங்கினால் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் பதில் சொல்லத் தயாராக இருக்கிறது. வரியின் கடைசியில் இருக்கும் எண்ணை டாஸ்க் மேனேஜரில் தேடினால் எந்த நிரல் என்று தெரிந்துவிடும். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் எஸ்எஸ் கட்டளையில் இதையே பார்க்கலாம்.

வெளியிலிருந்து பார்க்க, போனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவுக்கு மாறி, அதன் ஹாட்ஸ்பாட்டில் ஒரு லேப்டாப்பை இணைத்தேன். என்மேப் என்ற கருவி 1997-லிருந்து இருக்கிறது, இலவசம். ஆலையின் பொது ஐபி முகவரியைக் கொடுத்து ஓடவிட்டால் ஒவ்வொரு போர்ட்டுக்கும் மூன்றில் ஒரு பதில் சொல்லும். ஓபன், குளோஸ்ட், ஃபில்டர்ட். தெருவில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். "வாங்க, யாரு?" என்று குரல் வந்தால் ஓபன். "அவரு இங்க இல்லீங்க" என்று உள்ளிருந்தே சொன்னால் குளோஸ்ட். ஆள் இல்லை, ஆனால் வீடு இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. எத்தனை தட்டினாலும் சத்தமே இல்லை என்றால் ஃபில்டர்ட். வெளியிலிருந்து தட்டும்போது நமக்கு வேண்டியது அந்த மூன்றாவது. ஒரு வார்த்தை: நம்முடைய, அல்லது நம்மிடம் பொறுப்பு ஒப்படைத்தவருடைய ஐபியை மட்டும்தான் தட்ட வேண்டும். அடுத்தவர் கம்ப்யூட்டரில் அனுமதியில்லாமல் நுழைவது 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி குற்றம்.

ஆலையில் வந்த விடை என்னைத் திடுக்கிட வைத்தது. 3389 திறந்திருக்கும் என்று எதிர்பார்த்தேன். 3390-உம் திறந்திருந்தது, அது எடை மேடைக் கம்ப்யூட்டருக்குப் போனது. அதில் ஓடுவது விண்டோஸ் 7. 2020 ஜனவரி 14-ஓடு மைக்ரோசாஃப்ட் கைவிட்ட பதிப்பு. எடை மென்பொருள் புதிய விண்டோஸில் ஓடாது என்பதால் மாற்றாமல் வைத்திருந்தார்கள். 2019 மே மாதம் வெளிவந்த புளூகீப் என்ற ஓட்டை இந்த விண்டோஸ் 7-இன் ரிமோட் டெஸ்க்டாப்பில்தான் இருந்தது. பாஸ்வேர்டே தெரியாமல் உள்ளே வரக்கூடிய ஓட்டை. அதன் அபாயத்தைப் பார்த்து, ஏற்கெனவே கைவிட்டிருந்த எக்ஸ்பி-க்குக்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. அந்தத் திருத்தம் எடை மேடைக் கம்ப்யூட்டரில் ஏறியிருக்கவில்லை.

இவை போக இன்னும் இரண்டு போர்ட்டுகள். யாரும் திறக்கவில்லை என்றார்கள். ரவுட்டரில் யூபிஎன்பி என்ற வசதி இயங்கிக்கொண்டிருந்தது. உள்ளே இருக்கும் கருவி கேட்டால் ரவுட்டர் தானாகவே போர்ட்டைத் திறந்து கொடுக்கும். கேட்டது கேமரா டிவிஆர். 2016-இல் மிராய் என்ற, தானாகப் பரவும் புழு நிரல், மாற்றப்படாத பாஸ்வேர்டோடு கிடந்த கேமராக்களையும் டிவிஆர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து வைத்துக்கொண்டு பெரிய இணையதளங்களையே முடக்கியது. ஆலையின் டிவிஆர் பாஸ்வேர்டும் பெட்டியோடு வந்ததுதான்.

என்னென்ன வழிகள்

இருப்பதை அப்படியே விட்டு, பாஸ்வேர்டை மட்டும் கடினமாக்குவது முதலாளிக்குப் பிடித்த வழி. செலவில்லை, எதையும் புதிதாகப் பழக வேண்டியதில்லை. 2022 கடைசியிலிருந்து வரும் விண்டோஸ் 11 பதிப்புகளில் பத்துத் தடவை தப்பாக அடித்தால் பத்து நிமிடம் கணக்கு பூட்டிக்கொள்ளும் வசதியும் இருக்கிறது. ஆனால் இராப்பகலாகத் தட்டுபவர் இருக்கும்போது அந்தப் பூட்டு நமக்கே எதிராகத் திரும்பும். அவர் தப்பாக அடித்துக்கொண்டே இருக்க, முதலாளி வெளியே நிற்பார். அதைவிட முக்கியமானது, புளூகீப் போல பாஸ்வேர்டையே கேட்காமல் நுழையும் ஓட்டை நாளை இன்னொன்று வந்தால் கடினமான பாஸ்வேர்ட் எதையும் காப்பாற்றாது. இதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

போர்ட் எண்ணை மாற்றுவது இரண்டாவது. 3389-க்குப் பதில் 47113 என்று ஏதாவது வைத்துக்கொள்வது. நிறையப் பேர் இதைப் பாதுகாப்பு என்று நம்புகிறார்கள். பதிவேட்டில் இரைச்சல் குறையும், அது உண்மை. ஆனால் 65535-ஐயும் தட்டிப் பார்ப்பவனுக்கு அது சில நிமிட வேலை. ஆலையின் 3390-ஐயும் அவர்கள் கண்டுபிடித்துத்தான் இருந்தார்கள்.

மூன்றாவது, குறிப்பிட்ட ஐபியிலிருந்து வந்தால் மட்டும் விடுவது. இது உண்மையாகவே நல்ல வழி. ஒரே நிபந்தனை, எதிர்முனையில் மாறாத ஐபி இருக்க வேண்டும். ஆடிட்டர் அலுவலகத்தில் ஸ்டாடிக் ஐபி இருக்கிறது. முதலாளி வீட்டில் இல்லை. அவர் திருச்சி போகும் வழியில் போனில் பார்க்க நினைத்தால் மொபைல் ஐபி எங்கே எப்படி மாறும் என்று சொல்லவே முடியாது. இரண்டு கிளைகளை மட்டும் இணைக்கும் பாத்திரக்கடைக்கு இது பொருந்தும். ஊர் ஊராகப் போகும் முதலாளிக்குப் பொருந்தாது.

எனிடெஸ்க் போன்ற ரிமோட் மென்பொருள்களைத்தான் டெல்டாவில் பாதிப்பேர் வைத்திருக்கிறார்கள். அவை நம் பக்கத்தில் எந்தப் போர்ட்டையும் திறக்கச் சொல்வதில்லை. இரண்டு முனையிலிருந்தும் வெளியே போய் நடுவில் ஒரு சர்வரில் சந்தித்துக்கொள்கின்றன. அதனால் ரவுட்டரைத் தொடாமலே வேலை நடக்கும். பிரிண்டர் ஓடவில்லை என்று கணக்குப்பிள்ளை போன் செய்தால் நானும் இதைத்தான் திறக்கச் சொல்வேன். ஆனால் ஆள் இல்லாதபோதும் நுழைய ஒரு நிலையான பாஸ்வேர்ட் வைத்து 24 மணி நேரமும் விட்டுவைப்பது வேறு விஷயம். அந்த மென்பொருள் கொடுக்கும் அடையாள எண்ணும் பாஸ்வேர்டும் யார் கையில் கிடைத்தாலும் ஆலை அவர் கையில். வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று சொல்லி இதை ஏற்றவைத்துப் பணத்தை உருவும் மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2019-லேயே எச்சரித்தது. 2024 பிப்ரவரியில் எனிடெஸ்க் நிறுவனமே தன் சர்வர்களுக்குள் ஊடுருவல் நடந்ததாக அறிவித்து, பயனர்களைப் பாஸ்வேர்ட் மாற்றச் சொன்னது. தொழிலுக்குப் பயன்படுத்த உரிமம் வாங்க வேண்டும் என்பதையும் பலர் கவனிப்பதில்லை. கூட ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது உதவிக்கு மட்டும் என்றால் சரி.

எஸ்எஸ்எச் சுரங்கம் வழியாகப் போவதும் உண்டு. லினக்ஸ் தெரிந்தவருக்கு அருமையான வழி, பாஸ்வேர்டை அறவே நிறுத்திச் சாவிக் கோப்பு மட்டும் வைத்தால். ஆனால் ஆடிட்டர் அலுவலகத்துப் பெண்ணுக்குக் கறுப்புத் திரையைக் காட்டி இதை அடியுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மிச்சம் இருப்பவை இரண்டு. உண்மையான போட்டி இவற்றுக்கு நடுவில்தான்.

வயர்கார்டும் டெயில்ஸ்கேலும்

வயர்கார்ட் என்பது நமக்கே நமக்கான விபிஎன், அதாவது இணையத்துக்குள்ளேயே நம் கருவிகளுக்கு மட்டுமான பூட்டிய பாதை. 2020 மார்ச்சில் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 5.6 பதிப்பிலேயே சேர்க்கப்பட்டுவிட்டது. விண்டோஸ், ஆண்ட்ராய்டு எல்லாவற்றுக்கும் செயலி உண்டு. இதற்கும் ஒரு போர்ட் திறக்கத்தான் வேண்டும், வழக்கமாக யூடிபி வகையில் 51820. அப்படியானால் 3389-க்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ரிமோட் டெஸ்க்டாப், யார் தட்டினாலும் "யாரு? பேரு என்ன? பாஸ்வேர்ட் என்ன?" என்று எழுந்து வந்து கேட்கும். வயர்கார்ட் சரியான சாவியோடு வராத தகவல் பொட்டலத்துக்கு வாயே திறக்காது. என்மேப் வைத்துத் தட்டினாலும் அங்கே ஒன்று இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பாஸ்வேர்ட் என்று ஒன்று கிடையாது, அதனால் ஊகித்து அடிக்க எதுவும் இல்லை. ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சாவி. முதலாளி போனைத் தொலைத்தால் அந்த ஒரு சாவியை மட்டும் நீக்கினால் போதும், மற்றவர்கள் வேலை நிற்காது. நடுவில் வேறு நிறுவனமும் இல்லை.

அதற்கு வேண்டியது வெளியிலிருந்து எட்டக்கூடிய பொது ஐபி. இங்கேதான் நம் ஊர் இணைப்புகள் காலை வாரும். ரவுட்டருக்குள் போய் வேன் (WAN) என்று போட்டிருக்கும், இணையம் வந்து சேரும் பக்கத்து ஐபியைப் பாருங்கள். அது 100.64-லிருந்து 100.127-க்குள் தொடங்கினால், உங்களுக்குத் தனி ஐபி கொடுக்கவில்லை. பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது ஐபி. சிஜிநாட் என்பார்கள். ஃபைபர் கொடுக்கும் கேபிள்காரர்கள் பலரும் இப்படித்தான் தருகிறார்கள். அந்த நிலையில் ரவுட்டரில் என்ன திறந்தாலும் வெளியிலிருந்து வராது. நம் போர்ட் மூடியே இருக்கிறது என்று ஆறுதல்பட்டுக்கொள்ளவும் வேண்டாம். புதிய வகையான ஐபிவி6 முகவரி தனியாக வந்திருக்கலாம். அதில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் நேரடிப் பொது முகவரி. வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வால் அணைந்திருந்தால் பின்கதவு திறந்தது போலத்தான். வெளியிலிருந்து சோதிக்கும்போது அந்த முகவரியையும் தட்டிப் பார்க்க வேண்டும்.

டெயில்ஸ்கேல் உள்ளுக்குள் வயர்கார்டையே பயன்படுத்துகிறது. சாவிகளைக் கருவிகளுக்குள் பகிர்ந்து கொடுக்கும் வேலையை அந்த நிறுவனத்தின் சர்வர் செய்கிறது; தகவல் பெரும்பாலும் நேரடியாகவே போகும், முடியாதபோது இடைச்சர்வர் வழியே பூட்டியபடி போகும். சிஜிநாட்டுக்குப் பின்னால் இருந்தாலும் ஓடும். ரவுட்டரில் ஒரு போர்ட்டும் திறக்க வேண்டாம். மாட்டுவதற்குப் பத்து நிமிடம். விலை என்ன என்றால், நம் வலைக்குள் யாரைச் சேர்ப்பது என்ற பொறுப்பில் ஒரு பங்கு இன்னொரு நிறுவனத்திடம் போகிறது. நுழைவது கூகுள், மைக்ரோசாஃப்ட் போன்ற கணக்கு வழியாக என்பதால், அந்த மின்னஞ்சல் கணக்குக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு இல்லையென்றால் இத்தனை ஏற்பாடும் வீண். தனிநபருக்கு இலவசம், தொழிலுக்கு ஆள் கணக்கில் மாதக் கட்டணம்.

என்னைக் கேட்டால், ஸ்டாடிக் ஐபி இருந்து, மாதம் ஒரு தடவையாவது வந்து பார்க்க ஆளும் இருந்தால் வயர்கார்ட். ஐபி இல்லை, பார்த்துக்கொள்ளவும் ஆள் இல்லை என்றால் டெயில்ஸ்கேல். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத இடத்தில் வயர்கார்டை மாட்டிவிட்டு வருவதை நான் விரும்புவதில்லை. மின்சாரம் போய் வந்து ரவுட்டர் பழைய அமைப்புக்குத் திரும்பிவிட்டால் அவசரத்தில் மறுபடியும் 3389-ஐத்தான் யாராவது திறப்பார்கள். பாதுகாப்பான வழி உடையும்போது பாதுகாப்பில்லாத வழி தயாராக நிற்கும் என்பதை மறந்து திட்டம் போடக் கூடாது.

ஆலைக்கு எடுத்த முடிவு

ஆலையின் வேன் ஐபி வெளியிலிருந்து எட்டக்கூடிய பொது ஐபிதான், ஆனால் அடிக்கடி மாறியது. பார்க்க ஆள் இல்லை. நான் கும்பகோணத்திலிருந்து வர வேண்டும். டெயில்ஸ்கேல் என்று முடிவு செய்தோம். முதலாளி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கணக்கு அவங்க கைக்குப் போவுமா?" போகாது, சாவி நம் கருவிக்குள்ளேயே உருவாகி அங்கேயே இருக்கிறது, நடுவில் போவது பூட்டிய பெட்டி என்று சொன்னேன். சரி என்றார்.

முதல் வேலை ரவுட்டரில், வெளியிலிருந்து வருவதை உள்ளே அனுப்பும் போர்ட் ஃபார்வர்டிங் வரிகள் எல்லாவற்றையும் நீக்கி, யூபிஎன்பியை அணைத்து, ரவுட்டரின் பாஸ்வேர்டையே மாற்றியது. பிறகு கணக்குக் கம்ப்யூட்டர். விண்டோஸ் 11 புரோ என்பதால் ரிமோட் டெஸ்க்டாப் இருந்தது. ஹோம் பதிப்பாக இருந்தால் அந்த வசதியே கிடையாது. டெயில்ஸ்கேலை ஏற்றி, யாரும் லாகின் செய்யாதபோதும் ஓடும்படி வைத்தேன். வழக்கமாக 180 நாளில் சாவி காலாவதியாகும். குறுவை அறுவடைக்கு நடுவில் போய் நின்றுவிடக் கூடாதென்று இந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் அதை நிறுத்தி வைத்தேன்.

ரவுட்டரில் மூடியாயிற்றே, விண்டோஸ் ஃபயர்வாலையும் தொட வேண்டுமா என்று கணக்குப்பிள்ளை கேட்டார். தலைமதகை அடைத்துவிட்டார்கள் என்பதற்காக நம் வயல் மடையைத் திறந்தா வைக்கிறோம்? ஃபயர்வாலில் ரிமோட் டெஸ்க்டாப் விதிகளுக்குள் போய், ஸ்கோப் என்ற பகுதியில் 100.64.0.0/10 என்று போட்டேன். டெயில்ஸ்கேல் கருவிகளுக்குக் கொடுக்கும் முகவரிகள் அந்த எல்லைக்குள்தான். இப்போது ஆலை வைஃபையில் ஏறிய ஒரு லாரி டிரைவரின் போனிலிருந்துகூட 3389-ஐத் தட்டினால் பதில் வராது. 2017 மே மாதம் வானாக்ரை என்ற, பணம் கேட்கும் புழு நிரல் பரவியது இப்படி உள்ளுக்குள்ளும் கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் தாவித்தான், 445 போர்ட் வழியாக. திருத்தம் இரண்டு மாதம் முன்பே வந்திருந்தும் ஏற்றாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

எடை மேடைதான் நேரம் எடுத்தது. விண்டோஸ் 7-இல் டெயில்ஸ்கேலின் இப்போதைய பதிப்பு ஏறாது. ஏறினாலும் அந்தக் கம்ப்யூட்டரை வலையில் நேராக நிறுத்த எனக்கு விருப்பமில்லை. பக்கத்தில் ராஸ்பெரி பை என்ற கையளவு கம்ப்யூட்டர் ஒன்றை வைத்து, அதில் டெயில்ஸ்கேலை ஏற்றி, எடை மேடைக் கம்ப்யூட்டரின் ஒரே ஒரு ஐபிக்கு மட்டும் வழிவிடும்படி அமைத்தேன். எடை மேடை இணையத்துக்குப் போகும் பாதையை ரவுட்டரில் அடைத்தாயிற்று. அதற்கு இணையம் எதற்கு? லாரி எடையை எழுதி, சீட்டு அச்சடித்தால் போதும். விடுபட்டிருந்த பழைய திருத்தங்களைப் பென்டிரைவில் கொண்டுவந்து ஏற்றினேன்.

ஆடிட்டருக்கு எல்லாவற்றையும் திறக்கவில்லை. அவருடைய டெயில்ஸ்கேல் கணக்கிலிருந்து கணக்குக் கம்ப்யூட்டரின் 3389 மட்டும். எடை மேடையும் கேமராவும் அவர் கண்ணுக்கே தெரியாது. விண்டோஸ் புரோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் உட்கார முடியும் என்பதால், அவர் நுழைந்தால் கணக்குப்பிள்ளை வெளியேற வேண்டியிருக்கும். இந்தச் சிக்கல் முன்பும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு மேல் ஆடிட்டர் பார்ப்பது என்று பேசி வைத்தார்கள். பேக்கப் இனி இரண்டு ஹார்டுடிஸ்க். ஒன்று எப்போதும் கழற்றி முதலாளி வீட்டு அலமாரியில்.

மின்சாரம் போய் வந்தால் கம்ப்யூட்டர் தானாக எழ வேண்டும். கம்ப்யூட்டர் எழும்போது முதலில் ஓடும் பயாஸில் அதற்கான அமைப்பை மாற்றிவிட்டு, சுவிட்சை அணைத்துப் போட்டுப் பார்த்தோம். மூன்று நிமிடத்தில் டெயில்ஸ்கேல் பட்டியலில் இரண்டு பச்சைப் புள்ளிகளும் திரும்ப வந்தன.

கிளம்பி நீடாமங்கலம் பேருந்து நிறுத்தத்துக்கு வந்ததும், லேப்டாப்பைத் திறந்து மொபைல் டேட்டாவில் மறுபடியும் என்மேப்பை ஓடவிட்டேன். இந்தத் தடவை 65535-ஐயும் தட்டச் சொன்னேன். நேரம் பிடித்தது, ஒரு டீ குடித்து முடித்தும் ஓடிக்கொண்டிருந்தது. 3389 ஃபில்டர்ட். 3390 ஃபில்டர்ட். டிவிஆர் போர்ட்டுகள் இரண்டும் அப்படியே. ஆனால் 7547 மட்டும் ஓபன் என்று வந்தது. ரவுட்டரைத் தூரத்திலிருந்து நிர்வகிக்க இணைய நிறுவனங்கள் பயன்படுத்தும் போர்ட் அது. நம் ரவுட்டர் பக்கத்தில் அதை அணைக்க வழியில்லை. நிறுவனத்தின் சர்வரிலிருந்து வந்தால் மட்டும் பதில் சொல்லும்படி அவர்கள்தான் அடைக்க வேண்டும். அங்கேயே உட்கார்ந்து புகார் எழுதி அனுப்பினேன்.

ஆலையில் கணக்கு அறை அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். எந்தக் கருவி, எந்தப் போர்ட், யாருக்கு, என்று திறந்தது, யார் திறந்தது. கடைசி வரியில் 7547, புகார் கொடுத்த தேதி, அதற்குப் பக்கத்தில் ஒரு காலிக் கட்டம். மூடிவிட்டோம் என்று அவர்கள் சொன்னாலும் வெளியிலிருந்து ஒரு தடவை தட்டிப் பார்த்த பிறகுதான் அந்தக் கட்டத்தை நிரப்பப்போகிறேன்.